இயந்திரத்துக்கு அடியில் ஈரச்சாக்கு

பெரிய நகல் இயந்திரத்தின் முன்கதவைத் திறந்து, தாள் போகும் அடுக்கை வெளியே இழுத்துவிட்டு, அந்த இடைவெளிக்குள் தலையை நுழைத்தால் வெளியில் இருக்கும் ஊர் மெல்லக் காணாமல் போகும். முதலில் குரல்கள் போகும். பிறகு வெயில். கடைசியில் மணி என்ன என்கிற நினைப்பு. மிஞ்சுவது டார்ச் வெளிச்சமும், மைப்பொடியின் வாசமும், எங்கோ ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு வர மறுக்கும் ஒரு பொருளும்தான். இரண்டாயிரங்களின் நடுவில், டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கிடைத்த வேலை, அந்தப் பொருளை வெளியே எடுப்பது.

விருதுநகரில் எங்கள் சர்வீஸ் கம்பெனி ஒரு மாடியறை. அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குப் பஸ்ஸில் போவேன். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம் என்பதால், சிக்கிய பொருட்களையும் மனத்துக்குள் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். ஒன்று, வெளியிலிருந்து வந்து சிக்கியவை. ஸ்டேப்ளர் பின், ஸ்டிக்கர் பொட்டு, பஸ் டிக்கெட், தீப்பெட்டி லேபிள், ஒரு தடவை பல்லி முட்டை. இரண்டு, உருகிச் சிக்கியவை. சூட்டு உருளையைச் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் தாள் மாதிரி. மூன்று, இயந்திரத்தின் சொந்த உறுப்புகளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடாதவை. முதல் வகைக்கு இடுக்கி போதும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். மூன்றாவதற்கு என்ன வேண்டும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று ஆடிக்காற்று. ஆமத்தூர் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாகச் செம்மண் தூசி உள்ளே வந்து எல்லோர் மடியிலும் சமமாக உட்கார்ந்தது. பட்டாசுக் கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு எங்களை முந்திப் போயின. பாதி பேர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தத் தூக்கத்துக்குள் பாதி போயிருந்தேன். வேன்களும் பஸ்ஸும் ஓடாமல் நிற்பது போலவும், சாலைதான் எங்களுக்கு அடியில் உருளைகளின் மேல் போகும் தாள் போல நகர்வது போலவும் இருந்தது.

போகவேண்டிய இடம் விஸ்வநத்தம் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ். ஆலை உள்ளே தள்ளி இருந்தது. ஆபீஸ் மட்டும் ரோட்டோரம். ஊரே அச்சடிக்கிற ஊரில் நகல் இயந்திரம் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். லோடு ஏற்றிப் போகும் ஒவ்வொரு லாரிக்கும் லைசென்ஸ் நகல், பில் நகல், பெர்மிட் நகல் என்று ஒரு கட்டு வேண்டும். சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அச்சகத்துக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது.

கணக்குப் பார்க்கும் பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாங்க தாயி. ஆம்பளையாளு யாரும் வரலியா?"

"நான்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி."

"மிஷினு ஒங்கள மாதிரி நாலு பேரு வெயிட்டுல்ல இருக்கும்."

"தூக்கிட்டுப் போக வரல அண்ணாச்சி. கழட்டிப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள ஓடுச்சுன்னா சரி. ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுருங்கன்னுட்டாரு மேனேஜரு. ரெண்டு லாரி காயிதம் இல்லாம நிக்குது. மிஷினு இல்லன்னா இந்தப் புள்ளைக்கு இங்கன என்ன வேல? நாளையிலருந்து பழையபடி மருந்து ரூமுக்குத்தான்."

அந்தப் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகும் கலவை. அதை அளந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், பன்னிரண்டாவது வரை படித்திருந்ததால் ஆபீசுக்கு வந்திருந்தாள். தாவணி முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

இயந்திரம் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து, சென்னைக்கு வந்து புதுப்பிக்கப்பட்டு, இங்கே வந்து சேர்ந்த பெரிய வகை. ஒவ்வொரு தடவையும் தாள் ஒரே இடத்தில் நின்றது. தாளை நேராக்கிப் படம் ஏறும் இடத்துக்கு அனுப்பும் ஒரு எஃகு உருளை இருக்கிறது. அது சுற்றவில்லை. உருளையின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம், அதற்குப் பின்னால் உருளையைத் தாங்கும் பித்தளைப் புஷ். மூன்றும் ஒரே உடம்பாகியிருந்தன. டார்ச்சை அருகே கொண்டுபோனேன். பல்சக்கரத்தின் நடுத்துளையைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் ஒரு வளையம்.

துரு. மழை பெய்யாத ஊரில், மூடிய பெட்டிக்குள், துரு.

குனிந்து இயந்திரத்துக்கு அடியில் வெளிச்சம் அடித்தேன். நாலாக மடித்த கோணிச்சாக்கு ஒன்று இருந்தது. தொட்டால் ஈரம், குளத்துப் படி மாதிரிக் குளிர்ச்சி. தாள் அடுக்கின் ஓரங்களில்கூட ஈரம் பட்டுக் காய்ந்த அலைகள் தெரிந்தன.

"இது என்ன?"

"சாக்கு."

"சாக்குன்னு தெரியுது. எதுக்கு ஈரமா இருக்கு?"

அவள் கணக்குப் பார்ப்பவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போனில் யாரிடமோ லோடு பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"காயிதம் வெளிய வரும்போது சடசடன்னு சத்தம் வரும்க்கா. கைய நீட்டுனா மயிரெல்லாம் எந்திரிச்சு நிக்கும். மிஷினு கதவத் தொட்டா சுருக்குன்னு கடிக்கும். ஒரு நா வெளக்க அணைச்சுட்டுத் தொட்டுப் பாத்தேன். நீலமா வந்துச்சுக்கா, பொறி."

கடைசிச் சொல்லைத் தணிந்த குரலில், பெயர் சொல்லக் கூடாத ஒருவரின் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அது நிலைமின்சாரம். காத்து வறண்டிருந்தா வரும்," என்றேன்.

"வரும்னு தெரியும். வந்தா என்ன ஆகும்னும் தெரியும். அதுக்குத்தான் மருந்து ரூம்ல தரையில தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்பாக. ஈரச்சாக்கு போட்டிருப்பாக. வாசல்ல செம்புத் தகடு இருக்கும், அதத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். இங்கன தகடு இல்ல. சாக்கு இருந்துச்சு."

தினமும் காலையில் சாக்கை நனைத்து அடியில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து உள்ளேயும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாளாம். துடைத்தால் சடசடப்பு குறைந்ததாம். குறையத்தான் செய்யும். அந்த ஈரம் எஃகு முனையில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து, உருளையைப் புஷ்ஷோடும் சக்கரத்தோடும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

எனக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. சின்னக் கைகள், நகங்களின் ஓரத்தில் இன்னும் போகாத வெள்ளிநிறம். அலுமினியப் பொடி.

"இது சரியாயிருமாக்கா?"

"சக்கரம் ஒடையாம வரணும். ஒடஞ்சா புதுசு இங்க எங்கயும் கிடைக்காது. இன்னைக்கு ஓடாது."

அவள் தலையாட்டினாள். இனி எது உடைந்தால் தன் ஆபீஸ் வேலையும் உடையும் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்தச் சக்கரம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

சிக்கிய உறுப்பைக் கழற்றும்போது செய்யக்கூடாதவை எனக்கு மனப்பாடம். இழுக்கக் கூடாது. நெம்பக் கூடாது. கோபப்படக் கூடாது. செய்ய வேண்டியது முதலில் காத்திருப்பது. துரு இளக்கும் எண்ணெயைப் புஷ்ஷின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டேன். எண்ணெய் இறங்க நேரம் ஆகும்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. வெளியே காற்று ஒரு காலண்டர் அட்டையை ரோட்டின் குறுக்கே புரட்டிக்கொண்டே போனது. தெய்வப் படம், வெள்ளை முதுகு, தெய்வப் படம், வெள்ளை முதுகு. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

"நான் மருந்து ரூம்ல இருந்தப்ப அடுத்த ரூம் ஒண்ணு வெடிச்சுப் போயிருச்சுக்கா. ஆளு யாரும் இல்ல, சாப்பாட்டு நேரம். நைலான் சீல கட்டிட்டு ஒருத்தி வந்தா, அதுலருந்து பொறி வந்துச்சுன்னாக. நெசமான்னு தெரியாது. நான் வேப்ப மரத்தடில சோத்தப் பெசஞ்சுகிட்டு இருந்தேன். எனக்குச் சத்தம் கேட்ட ஞாபகமே இல்ல. சோத்துல மண்ணு விழுந்துச்சு. அது மட்டுந்தான் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மண்ண ஒதுக்கிட்டுச் சாப்பிட்டேன். பசி."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பில்லாமல், "அங்கன திரும்பப் போக மாட்டேன்க்கா. போகச் சொன்னா போகத்தான் செய்யணும். ஆனா போக மாட்டேன்" என்றாள்.

காத்திருந்த நேரத்தில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தாள் உருளைகளோடு உரசிப் போகும்போது அதில் மின்சாரம் ஏறுவது இயல்பு. வெளியேறும் இடத்தில் மெல்லிய கம்பிமயிர்த் தூரிகை ஒன்று அதை வாங்கி இயந்திரத்தின் சட்டத்துக்கு அனுப்பும். சட்டத்திலிருந்து எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும். விரலைக் கடிக்கும் அளவுக்குச் சட்டத்திலேயே தங்கியிருக்கிறது என்றால், மண்ணுக்குப் போகும் வழி எங்கோ அடைபட்டிருக்க வேண்டும்.

பையிலிருந்து டெஸ்ட் விளக்கை எடுத்தேன். ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு வயர். சுவரிலிருந்த சாக்கெட்டின் கீழ்த்துளைகள் இரண்டிலும் வைத்தேன். பல்பு எரிந்தது. ஒன்றை மேலேயிருந்த பெரிய எர்த் துளைக்கு மாற்றினேன். எரியவில்லை. கீழ்த்துளையை மாற்றிப் பார்த்தும் எரியவில்லை.

"என்னக்கா பாக்குறீக?"

"எர்த் இருக்கான்னு."

"இல்லியா?"

"துளை மட்டும் இருக்கு. பின்னால கம்பி இல்ல."

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். எர்த் இல்லாத இயந்திரத்துக்குள் தினமும் ஈரத்துணியோடு கையை விட்டிருக்கிறாள்.

எண்ணெய் இறங்கியிருந்தது. உருளையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மணல் அரைபடுவது போல ஒரு சின்ன ஓசை. புஷ் விட்டுக்கொடுத்தது. சக்கரம் மட்டும் விடவில்லை. பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் விரியும். அதற்காகவே பையில் தலைமுடி உலர்த்தும் கருவி ஒன்று வைத்திருப்பேன். அதை எடுத்து வேறு சாக்கெட்டில் சொருகிப் போட்டதும் கணக்குப் பார்ப்பவர் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏம்மா! ஏம்மா! உள்ள செவசெவன்னு கம்பி தெரியுது, என்ன அது?"

"முடி காயவைக்கிறது அண்ணாச்சி."

"மிஷினுக்கு ஏது முடி? அணைங்க தாயி! ஒங்க முதுகுக்குப் பின்னால பீரோ பூராம் சாம்பிள் சரம். நல்லாக் கொண்டாந்தீக கொள்ளிய!"

அணைத்துவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சூடு வேண்டும், ஆனால் நெருப்பு வேண்டாம். யோசித்துவிட்டு அவளிடம் சொன்னேன், "எதுத்த டீக்கடைல டீ பார்சல் கட்டுற கவர்ல வெந்நி மட்டும் கட்டித் தரச் சொல்லு. அப்படியே கூல்டிரிங்ஸ் கடைல கொஞ்சம் ஐஸு."

"தண்ணி பட்டுத்தான் கெட்டுப்போச்சுன்னீக."

"கவருக்குள்ளதான் இருக்கப் போகுது. ஓடு."

ஓடினாள். நூல் சுற்றிய பிளாஸ்டிக் கவரில் வெந்நீர் கும்மென்று உப்பிக்கொண்டு வந்தது. டீக்கடைக்காரர் அதில் டீத்தூள் போட மறந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டாராம். அந்தக் கவரைச் சக்கரத்தின் மேல் ஒரு குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பது போல வைத்தேன். இன்னொரு கவரில் ஐஸ்கட்டியைப் போட்டு, உருளையின் முனையில் அவளைப் பிடிக்கச் சொன்னேன். சக்கரம் விரிய வேண்டும், எஃகு சுருங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் கிடைத்தால் போதும்.

இயந்திரத்துக்குள் எங்கள் இரண்டு தலைகளும் அருகருகே இருந்தன. வெளியுலகம் போய்விட்டது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர், நடுவில் டார்ச்சின் மஞ்சள் வட்டம். அவள் மூச்சு மைப்பொடியைச் சின்ன மேகமாகக் கிளப்பியது. அது வெளிச்சத்தில் மிதந்து, விழ அவசரப்படாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வெந்நீர் ஆறிப்போக, அவள் மறுபடி ஓடி வாங்கி வந்தாள். மறுபடி அதே மஞ்சள் வட்டம். மூன்றாவது கவரின் போது, விரல் நுனியில் பிடித்திருந்த சக்கரம் இலேசாக, தூக்கத்தில் புரண்டு படுப்பது போல, நகர்ந்தது.

"நவுந்துச்சுக்கா," என்றாள் காதுக்குள்.

"பேசாத."

நகர்த்தி, நிறுத்தி, நகர்த்தி, கடைசியில் அது என் உள்ளங்கையில் முழுசாக வந்து விழுந்தது. பல் ஒன்றுகூடப் போகவில்லை. அவள் ஐஸ் கவரை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

உருளையை மடியில் வைத்து உப்புத்தாளால் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். கட்டையான மனிதர், வேகமாக நடப்பவர். என் கையிலிருந்து உருளையை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல துருவா? கடக்கரையில கெடந்த மாதிரியில்ல இருக்கு. என்ன காரணம்மா?"

அவள் சுவரோரத்துக்குப் போய்விட்டாள். ஈரச்சாக்கு இன்னும் இயந்திரத்துக்கு அடியில்தான் இருந்தது. காரணம் தெரியவில்லை என்று சொன்னால் நாளை அடுத்த ஆளும் அந்தப் பொறியிடம் கடிபடுவார். தண்ணீர் என்று சொன்னால் இவள் கதை அங்கேயே முடிந்தது. நான் துருவில் தொடங்கிப் பின்னோக்கி வரிசைப்படுத்தினேன்.

"மூணு காரணம் சார். துரு வந்தது தண்ணியால. தண்ணி வந்தது பொறிக்குப் பயந்து. பொறி வந்தது இதனால."

டெஸ்ட் விளக்கைச் சாக்கெட்டில் வைத்தேன். எரிந்தது. எர்த் துளைக்கு மாற்றினேன். எரியவில்லை. அவர் என் கையிலிருந்து வயரை வாங்கித் தானே ஒருமுறை வைத்துப் பார்த்தார். எரியாத பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு ஊராக இருந்தால் இதை விளக்கிச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

பிறகு மெதுவாகத் திரும்பிப் பீரோவைப் பார்த்தார்.

"ஏத்தா, எம்புட்டு நாளாப் பொறி வருது?"

"ஆனி மாசத்துலருந்து சார்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார்."

"யார்ட்ட?"

கணக்குப் பார்ப்பவர் தொண்டையைக் கனைத்தார். "காயிதம் கடிக்குதுன்னு சொல்லுச்சு. காயிதம் எங்கயாச்சும் கடிக்குமான்னு கேட்டேன்."

"நல்லாக் கேட்டீக அண்ணாச்சி. கடிச்சிருந்துச்சுன்னா கேக்குறதுக்கு நீங்களும் இல்ல, நானும் இல்ல." மேனேஜர் வாசலுக்குப் போய், "எலே, எலக்ட்ரீசியனக் கூப்பிடு! செம்புப் பட்டையோட வரச் சொல்லு!" என்று கத்தினார். திரும்பி வந்து, "பீரோவுல இருக்கிற சாம்பிள் பூராத்தயும் வெளிய எடுக்கச் சொல்லுங்க. அந்தச் சாக்க மொதல்ல உருவு புள்ள. கரண்டுல ஈரத்த வைக்கலாமா? பொறிக்குத் தப்பிச்சு ஷாக்குல போகவா?" என்றார்.

அவள் சாக்கை உருவி எடுத்தாள். கொடியில் போடுவதா குப்பையில் போடுவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆலையிலிருந்து எலக்ட்ரீசியன் வந்து பட்டையை இழுத்து மண்ணில் இறக்கி முடிப்பதற்குள் நான் உருளையைத் திரும்பப் பொருத்திவிட்டேன். இயந்திரம் முதல் தாளை வெளியே தள்ளியதும் மேனேஜர் அதை எடுத்துப் பார்த்தார். லைசென்ஸ் நகல், முத்திரை வரைக்கும் தெளிவாக இருந்தது.

"லாரிக்காரன் ரெண்டு பேரும் என்னையத் திட்டிக்கிட்டு இருக்கான். சீக்கிரம் எடு," என்றார்.

"சார், நாளைக்கு?" என்றாள் அவள்.

"நாளைக்கு என்ன? நாளைக்கும் லாரி வரும்ல? லைசென்சு காப்பிய நானா வந்து எடுப்பேன்?"

அதோடு போய்விட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தாள்கட்டை விசிறிபோல விரித்து, தட்டி நேராக்கி, அடுக்கில் வைத்தாள். கட்டுக் கட்டாக வந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பின் அடித்தாள். கணக்குப் பார்ப்பவர் கேட்காமலேயே எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார்.

சாயங்காலம் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவளுக்கு ஆமத்தூர், எனக்கு விருதுநகர். மிஷின் நின்றதிலிருந்து ராத்திரியில் தூக்கமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், திருத்தங்கல் வருவதற்கு முன்பே பேச்சின் நடுவில் தூங்கிப்போனாள். தலை என் தோளில் வந்து சாய்ந்தது. காற்று அடங்கியிருந்தது. கறுத்துப்போன என் கைகளை மடியில் மல்லாக்க வைத்தபடி நானும் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். சக்கரங்கள், பெரிய சக்கரங்கள், ஒன்றையொன்று இடிக்காமல் தண்ணீருக்கடியில் சுற்றின.

"யம்மா, ஆமத்தூரு! தங்கச்சிய எழுப்புங்க. இல்ல, விருதுநகருக்கே டிக்கெட்டு போட்டுரவா?" என்றார் கண்டக்டர்.

எழுப்பினேன். அவள் திடுக்கிட்டு எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்து, டிபன் வாளியைத் தேடி எடுத்தாள். படிக்கட்டில் கால் வைத்தவள் கண்டக்டரிடம் திரும்பினாள்.

"மருந்து ரூம் வேனுக்கு இல்ல. நாளைக்கு ஒம்பது மணிக்குத்தான் எனக்கு. ஆபீசு," என்றாள்.

"யாரு கேட்டா? எறங்கு தாயி!"

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.